ஈரப்புடவைப் பிரார்த்தனை

அத்தியாயம் 9

டாக்டர் நல்ல செய்தி சொன்ன நாளிலிருந்துதான் நீலாம்பாளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அதுவரை அவள் தைரியமாகத்தான் இருந்தாள். இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டபோதும் சரி, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் அதைக் கீறி எடுத்துப் பரிசோதனைக்கு மதராசுக்கு அனுப்பியபோதும் சரி, வீட்டில் மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னதே அவள்தான். பதில் வரும்வரை சாப்பாடு இறங்காமல் தவித்தது அவள் கணவர் வெங்கடேஸ்வரன்.

பதில் வந்த அன்று அவர் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார்.

"ஒண்ணுமில்லே நீலா. வெறும் கொழுப்புக் கட்டியாம். பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்."

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் அவர் தலைமைக் குமாஸ்தா. அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் தன் கைக்காசில் சாயா வாங்கிக் கொடுத்தாராம். கம்பெனி ஆரம்பித்த நாளாக அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளை நீலாம்பாள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கேட்டிருந்தாள் என்ன, அவளே தன் வாயால் சொல்லியிருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவள் அக்கா விசாலாக்ஷிக்கு இதே இடத்தில் இதே மாதிரி ஒரு கட்டி வந்தது. ரொம்ப முற்றிவிட்டது, இனிமேல் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். குடும்பம் கூடிப் பேசியது. விசாலத்துக்கு மட்டும் தெரியக்கூடாது என்று முடிவாயிற்று. அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, "ஒண்ணுமில்லே அக்கா, வெறும் கொழுப்புக் கட்டியாம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னவள் நீலாம்பாள்தான். அடுத்த மழைக்காலத்தை விசாலம் பார்க்கவில்லை.

நம் வீடுகளில் இது வழக்கம்தானே! போகப்போகிறவருக்கு மட்டும் தெரியாது, பால்காரன் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிரியத்தால்தான் மறைக்கிறோம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அப்படி மறைத்து மறைத்து, நிஜமாகவே நல்ல செய்தி வரும்போது அதைச் சொல்ல நம்மிடம் வேறு வார்த்தை இல்லாமல் போய்விடுகிறது.

கேட்ட வார்த்தையை விடுங்கள், கண்ணால் பார்ப்பதை எப்படி நம்பாமல் இருப்பது?

தினமும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நீலாம்பாள் பீரோக் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பாள். முதலில் தையலைச் சுற்றி மட்டும் நாவல்பழ நிறத்தில் ஒரு கன்றல் இருந்தது. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி விலாவரை வந்துவிட்டது. இப்போது ஓரங்களில் பச்சையும் பழுப்புமாக நிறம் வேறு மாறியிருந்தது. தையல் பிரித்த பிறகும் ஒரு முனை மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. சாதாரணக் கட்டி என்றால் இந்நேரம் ஆறியிருக்க வேண்டாமா?

பரவுகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விசாலத்துக்கும் அப்படித்தான் பரவியது.

இதெல்லாம் போதாதென்று வெங்கடேஸ்வரன் வேறு சாதுவாகிவிட்டார்!

சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த மனுஷர் அவர். ரசத்தில் பெருங்காயம் ஒரு கடுகளவு தூக்கலாக இருந்தால் இலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இப்போது பதினைந்து நாளாக வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் வந்து நீலாம்பாள் அவரைச் சோதித்தே பார்த்துவிட்டாள். தேங்காய் அரைத்துவிட்ட மொளகூட்டலில் உப்பே போடாமல் பரிமாறினாள். மனுஷர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "பேஷாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீலாம்பாள் சமையலறையில் போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் அவ்வளவு மோசமா!

செத்துப்போவதைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயமில்லை. ஒரே பெண் கமலாக்ஷி, இருபது வயது. எர்ணாகுளத்துக் காலேஜில் பி.எஸ்ஸி. படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. தாயில்லாப் பெண்ணுக்கு யார் வரன் பார்ப்பார்கள்? எடுத்துச் செய்ய ஒரு நாத்தனாரோ ஓர்ப்படியோ கூட இந்த வீட்டில் கிடையாது. கண்ணை மூடுவதற்குள் அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். தை மாதம் வரைக்கும் உயிர் இருந்தால் போதும்.

அதற்காகத்தான் பகவதிக்கு ஒரு மண்டலம் பிரார்த்தனை எடுத்துக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் கோயில் குளத்தில் முங்கி எழுந்து, உடுத்திய புடவையோடு சொட்டச் சொட்டப் பகவதியைச் சுற்றுவாள். ஈரம் உடம்பிலேயே இருக்க வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, நைவேத்தியம் முடித்த பிறகுதான் உலர்ந்த புடவைக்கு மாறுவாள். எதற்கு இந்தக் கடும் விரதம் என்று வீட்டில் கேட்டார்கள். குணமானதற்கு நன்றி என்று சொல்லி வைத்திருந்தாள்.

இன்றைக்கும் அப்படித்தான் ஈரப்புடவையோடு கோயிலிலிருந்து திரும்பினாள். கூடத்தில் அவளுடைய அம்மாஞ்சி வாஞ்சிநாதன் காத்திருந்தான்.

வாஞ்சிநாதனுக்குத் தொழில் இன்ஷூரன்ஸ். ஆனால் அதில் காட்டாத சுறுசுறுப்பையெல்லாம் கல்யாணம் முடித்து வைப்பதில் காட்டுவான்.

"நீலா, ஆலுவாக்காரா இன்னிக்குப் பதில் கேக்கறா. ஆமாம்னா ஆமாம், இல்லேன்னா அவா வேற எடம் பாப்பா. கம்பெனி உத்தியோகம், சொந்த வீடு, பெரியாத்தங்கரையிலே. எந்தா வேணும் இதுக்கு மேலே?"

"வயசு?"

"முப்பத்தாறு. அது ஒரு வயசா?"

"ரெண்டாம் தாரம் வேற."

"மொதல் ஆம்படையா போய் ரெண்டு வருஷமாச்சு. குழந்தை குட்டி ஒண்ணும் கிடையாது. தையிலேயே முடிச்சுடணும்கறா. நீதானே தைக்குள்ளே ஆகணும்னு சொன்னே?"

நாலு மாசத்துக்கு முன்னால் இந்த வரனைக் கொண்டுவந்திருந்தால் நீலாம்பாள் கரண்டியோடு அவனை வாசல்வரை துரத்தியிருப்பாள். இப்போது அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

நைவேத்தியம் ஆனபிறகு வெங்கடேஸ்வரன் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரெண்டாம் தாரம் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாலும் சொல்லத்தான் செய்தாள்.

அவர் கை நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"உன் இஷ்டம், நீலா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்பதற்குக்கூட அந்த மனுஷர் "உன் இஷ்டம்" என்று சொன்னதில்லை. நீலாம்பாள் சந்தேகத்துக்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, "வாஞ்சி, சம்மதம்னு சொல்லிடு" என்றாள். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் அவன் ஆலுவா பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

எர்ணாகுளத்துக்குப் போகும் படகில்தான் கமலம் பேச்சை ஆரம்பித்தாள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டிய நாள். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அம்மா, வாஞ்சி மாமா கார்த்தாலே எதுக்கு வந்தார்?"

"சும்மாத்தான்."

"சும்மா வந்தவர் எதுக்கு ஆலுவாவுக்கு ஓடணும்? நான் எல்லாம் கேட்டேன். முப்பத்தாறு வயசு."

"நல்ல மனுஷாளாம்டி."

"நல்ல மனுஷாளாவே இருக்கட்டும். நான் இன்னும் பரீட்சையே எழுதலை. நீதானே சொன்னே, பி.எஸ்ஸி. முடிச்சு பி.டி.யும் படி, டீச்சராப் போ, எங்க யாருக்கும் கெடைக்காதது ஒனக்காவது கெடைக்கட்டும்னு? ஓர்மையில்லையா?"

நீலாம்பாளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அவள் காயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படகு அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் விலாப் பக்கம் வலித்தது. வலியைக் காட்டிக்கொள்ளாமல், "கமலம், கடுமாங்காய்ப் பரணியை ஈரக்கையாலே தொடாதே, கேட்டியா? எண்ணெய்த் துணியாலேதான் வாயைக் கட்டணும்" என்றாள்.

"இப்போ எதுக்கும்மா ஊறுகாய் ஜாடி?"

"தெரிஞ்சு வெச்சுக்கோன்னுதான்."

கமலம் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு வரனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

டாக்டர் ஏலியம்மா மதராசில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெரிய குரல். அவர் கண்டித்துப் பேசினால் வராந்தாவில் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். கட்டைப் பிரித்ததும் அந்தக் குரல் எழுந்தது.

"எந்தா இது? கட்டு முழுக்க ஈரம்! நனையக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குளிக்கும்போது நனைஞ்சதா?"

"இல்லே டாக்டர். ஆத்திலே வாளித் தண்ணியிலே குளிக்கிறபோது கழுத்துக்குக் கீழே ஜாக்கிரதையாத்தான் விட்டுக்கறேன்."

"பின்னே?"

"கார்த்தாலே கோயில் குளத்திலே முங்கறேன்."

டாக்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"குளத்திலேயா?"

"பிரார்த்தனை. ஈரப்புடவையோட பகவதியைச் சுத்தறதா வேண்டிண்டிருக்கேன்."

"சுத்தி வந்ததும் மாத்திடுவீங்களா?"

"நைவேத்தியம் ஆகணும். அதுவரைக்கும் அதே மடிதான்."

"கர்த்தாவே!" டாக்டர் ஏலியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்தக் குளத்து வெள்ளத்தைத் தினமும் இதிலே ஊறப்போட்டா எப்படி மூடும்? நான் இங்கே மருந்து வெச்சுக் கட்டறேன், நீங்க அங்கே போய் அதைக் கரைச்சுட்டு வர்றீங்க. உங்க சாமி உங்களைக் காப்பாத்த நினைச்சாலும் நீங்க விடமாட்டீங்க போல இருக்கே!"

கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

நீலாம்பாள் தயங்கித் தயங்கிக் கன்றலைக் காட்டினாள். "இது கீழே பரவிண்டே போறதே டாக்டர்?"

"பரவலை, இறங்கறது. கீறின இடத்திலே உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கு. அது கீழே இறங்காம மேலேயா ஏறும்? கறுப்பு பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், அப்புறம் இருந்த இடம் தெரியாது. நிறம் மாறினா ஆறறதுன்னு அர்த்தம். மெதுவாத்தான் ஆறும். அதுவும் உலர்ந்து இருந்தாத்தான்." பழைய கட்டை வாளியில் போட்டுவிட்டு டாக்டர் கேட்டார்: "அது சரி, ரிசல்ட்தான் நல்லபடியா வந்தாச்சே. இன்னும் எதுக்குப் பிரார்த்தனை?"

நீலாம்பாளுக்குப் பொய் சொல்ல நினைப்புத்தான். ஆனால் அந்தப் பெரிய குரல் திடீரென்று மெதுவாகிக் கேட்டபோது உண்மை வாயிலிருந்து வந்துவிட்டது.

"தை மாசம் வரைக்கும் ஆயுசு கேட்டு."

"தைக்கு அப்புறம்?"

"அப்புறம் பகவதி இஷ்டம்."

ஜன்னல் பக்கம் நின்றிருந்த கமலத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீலாம்பாள், இங்கே பாருங்க. உங்களுக்கு அந்த நோய் இல்லே. நான் சத்தியமாச் சொல்றேன்."

"அவர் உங்ககிட்டே சொல்லச் சொன்னாரா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று. விசாலத்தின் டாக்டரும் இப்படித்தான் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். பாவம், இந்த அம்மாளும் நல்லவள், சொல்லிக் கொடுத்ததை நன்றாகச் சொல்கிறாள் என்று நீலாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கியதும் கமலம், "நீ ஆத்துக்குப் போய்ப் படுத்துக்கோ. நான் அப்பாவைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பஜார் பக்கம் நடந்தாள். போகிற வேகத்தைப் பார்த்தால் கல்யாணத்தை நிறுத்தத்தான் போகிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றியது. நிறுத்தட்டும் பார்க்கலாம். அவர்தான் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாரே!

மத்தியானம் மூன்று மணிக்கு வெங்கடேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். வெள்ளமே வந்தாலும் ஐந்தரைக்கு முன்னால் கம்பெனியை விட்டுக் கிளம்பாதவர். சட்டையெல்லாம் மிளகுத் தூசி. பின்னாலேயே வந்த கமலம் மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீலா, கமலம் சொல்றது நிஜமா? நீ சாகப்போறதா நெனச்சிண்டிருக்கியாம்?"

"நெனச்சுக்கல்லே. தெரியும்."

"யார் சொன்னா?"

"நீங்க யாரும் சொல்லலையே, அதனாலேதான்."

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"விசாலத்துகிட்டே நாம என்னென்ன சொன்னோமோ, அதையேதான் நீங்க என்கிட்டே சொல்றேள். வார்த்தைகூட மாறலை. ஏன்னா, நானும் அந்த நாடகத்திலே வேஷம் போட்டவளாக்கும்."

வெங்கடேஸ்வரன் திகைத்துப்போனார். அப்படி ஒரு கோணம் உண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இது அது இல்லே நீலா. பகவதி மேலே சத்தியம்."

"அத்திம்பேரும் அக்கா தலையிலே கையை வெச்சுச் சத்தியம் பண்ணினார்."

"டாக்டரைக் கேளு."

"கேட்டாச்சு."

"வேற டாக்டர்கிட்டே போலாம். திருவனந்தபுரம் போலாம். வேலூருக்கே போலாம்."

"எதுக்கு வெறுதே அலையணும்? எனக்கு வருத்தமில்லே, சத்தியமா." அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நீங்க என்னை நன்னா வெச்சிண்டேள். ஒரு குறையும் இல்லே. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கமலத்தோட கல்யாணத்தைத் தையிலே நடத்திக் குடுங்கோ. வேற ஒண்ணும் வேண்டாம். அதைப் பாத்துட்டேன்னா நிம்மதியாப் போயிடுவேன்."

வெங்கடேஸ்வரன் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காது மடல் சிவப்பதை நீலாம்பாள் கவனித்தாள். அழப்போகிறார் என்று நினைத்தாள்.

"முடியாது" என்றார் அவர்.

"என்ன?"

"முடியாதுன்னேன். அந்தக் கல்யாணம் நடக்காது."

"கார்த்தாலே என் இஷ்டம்னேளே?"

"சொன்னேன்! அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, காயம் ஆறற வரைக்கும் அவங்க மனசு நோகாம நடந்துக்கோங்கோன்னு சொன்னா. சரீன்னு வாயைப் பொத்திண்டேன். பதினஞ்சு நாளா நான் படற பாடு எனக்குன்னா தெரியும்! உப்பில்லாத மொளகூட்டலை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேன். கார்த்தாலே நீ ஆலுவா வரனைப் பத்திச் சொன்னபோது தொண்டையிலே சோறு இறங்கலை. காயம் ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு விட்டேன். நீ என்னடான்னா அந்த வாஞ்சியை அனுப்பியே வெச்சுட்டே!"

"அதுக்கில்லே, சாகப்போறவ கேக்கறேன்..."

"அதைத்தான் சொல்றேன்!" வெங்கடேஸ்வரன் எழுந்தே விட்டார். மாடி அதிர்ந்தது. "நீ நிஜமா சாகப்போறவளா இருந்தா நான் சம்மதிச்சிருப்பேன். முப்பத்தாறு என்ன, அம்பதா இருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன். உன் மொகத்துக்கு நேரே என்னாலே மறுக்க முடிஞ்சிருக்காது. நீதான் சாகலையே! அடுத்த வருஷமும் இருக்கப்போறே, அதுக்கடுத்த வருஷமும் இருந்து என் பிராணனை வாங்கப்போறே. பின்னே நான் எதுக்கு என் பொண்ணைப் படிப்பை நிறுத்தி ரெண்டாம் தாரமாக் குடுக்கணும்? முடியாது. தைக்கும் முடியாது, மாசிக்கும் முடியாது. நீ தலைகீழா நின்னாலும் முடியாது!"

நீலாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாலத்திடம் யாரும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கொட்டுகிற ஆடி மழையில் குருவாயூர் போக வேண்டும் என்றாள். டாக்ஸி வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பம்பாயிலிருக்கும் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றாள். அவன் மறுவாரமே வந்து நின்றான். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள், சிரித்தார்கள், வாய் கூசாமல் எத்தனையோ பொய் சொன்னார்கள். ஆனால் "முடியாது" என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்ல அத்தனை பேரில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நீலாம்பாளுக்கே வந்ததில்லை.

இதோ இந்த மனுஷர் சொல்கிறார். மூக்கு விடைக்க, கண் கலங்க, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்கிறார். இவருக்கு நடிக்க வராது. தன் பெண்டாட்டி பிழைக்கமாட்டாள் என்று ஒரு துளி சந்தேகம் மனசில் இருந்தாலும் இவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்திராது.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"முடியாதுன்னு."

"முடியாது! ஆயிரம் தரம் வேணும்னாலும் சொல்றேன்."

அவ்வளவுதான். ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்தது. பிழைத்துவிட்டேன், பிழைத்துவிட்டேன் என்று மனசு கூவியது. அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டதில் குலுங்கி, விலாவில் சுரீரென்று இழுத்தது. அவள் கையால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டாள்.

வெங்கடேஸ்வரனின் கோபம் போன இடம் தெரியவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன நீலா, வலிக்கறதோ?"

இத்தனை நாளும் யார் கேட்டாலும் அவள் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள். சாகப்போகிற உடம்பு வலித்தால் என்ன, வலிக்காவிட்டால் என்ன என்று இருந்துவிட்டாள்.

"வலிக்கறது" என்றாள் இப்போது. "ரொம்ப வலிக்கறது. ஈரத்திலேயே நின்னு நின்னு இடுப்பு வேற பிடிச்சிண்டிருக்கு."

"நாளையிலேர்ந்து கோயில் குளத்துப் பக்கம் போனியோ, பாத்துக்கோ! பகவதிகிட்டே நான் போய்ச் சமாதானம் சொல்லிக்கறேன். மிச்சத்தைக் காயம் ஆறின அப்புறம் சுத்திக்கலாம்."

கமலம் ஓடி வந்து அம்மாவின் வலது பக்கமாகக் கட்டிக்கொண்டாள். இடது பக்கம் படக்கூடாது என்கிற நினைவு அந்த அழுகையிலும் அவளுக்கு இருந்தது. "அசடு, அசடு" என்று அம்மாவைத் திட்டினாள். திட்டு வாங்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நீலாம்பாளுக்கு இதுவரை தெரியாது.

"நான் பி.டி. படிப்பேன், கேட்டியா?"

"படியேன். யார் வேண்டாம்னா?"

"நீதான் கார்த்தாலே..."

"கார்த்தாலே நான் செத்துண்டிருந்தேனேடி!" என்றாள் நீலாம்பாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொடர்ந்து வாஞ்சிநாதனின் குரல், படிக்கு முன்னாலேயே ஏறி வந்தது.

"நீலா! அத்திம்பேர்! ஜயம்! எல்லாம் பழம்!"

வாஞ்சிநாதன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சம்மதம்னு சொன்னேனோ இல்லையோ, பிள்ளையோட அம்மா, அந்த மாமி, துள்ளிக் குதிச்சுட்டா. எதுக்கு நாள் கடத்தணும், நானே வந்து பொண்ணுக்குப் பூ வெச்சுட்டுப் போறேன்னு என்னோடயே கெளம்பிட்டா. பிள்ளையும் லீவு சொல்லிட்டு வந்திருக்கான். எடப்பள்ளி தாண்டினதிலேர்ந்து மாமி கமலத்தைப் பத்தித்தான் பேச்சு. கோயில்லே தொழுதுண்டிருக்கா. அரைமணியிலே இங்கே இருப்பா. காப்பிக்கு வெள்ளம் வை, நீலா!"

வெங்கடேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் மாடியை அதிரவைத்த மனுஷர், இப்போது பழையபடி சாதுவாக நின்றுகொண்டிருந்தார்.

"நீதானே வாக்குக் குடுத்தே" என்றார் மெதுவாக.

"உங்களுக்குத்தான் முடியாதுன்னு சொல்ல நன்னா வரதே. சொல்லுங்கோளேன்."

"உன்கிட்டே சொல்றது வேற, வாசல்லே வந்து நிக்கற மாமிகிட்டே சொல்றது வேற."

வாஞ்சிநாதன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கமலம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நீலாம்பாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பூவும் கையுமாகப் படியேறி வருகிறவளை, கூடவே பிள்ளையும் நிற்கும்போது, எந்த வாயால் திருப்பி அனுப்புவது? தப்பு அவர்களுடையது இல்லை. அவமானப்படுத்தவும் கூடாது, ஆசை காட்டவும் கூடாது. முதலில் உட்காரச் சொல்வதா, சொல்லிவிட்டுக் காப்பி கொடுப்பதா? வீட்டில் பாலாவது இருக்கிறதா?

சாவை எதிர்பார்த்து நிதானமாக இருந்த இந்த ஒரு மாதத்தில், அடுத்த அரைமணி நேரத்தை நினைத்து அவள் இப்படிப் பயந்ததே இல்லை.